32 பிட் லினக்ஸ் பேக்கேஜை இனியும் தரலாமா, நிறுத்திவிடலாமா?

ஓலைப்பெட்டி:

வணக்கம். இரண்டு மாதமாக ஒரு விஷயத்தை மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். தனியாக முடிவெடுக்கத் தயக்கமாக இருக்கிறது, அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

பழைய தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும் சின்ன நிரல் ஒன்றை 2008இலிருந்து பராமரித்து வருகிறேன். டிஸ்கி, டாப், டாம், பாமினி என்ற நான்கு பழைய குறியாக்கங்களையும் (எழுத்துக்கு எண் கொடுக்கும் முறைகள்) படிக்கும். சி மொழியில் எழுதியது. டெர்மினலிலும் ஓடும், பொத்தான்கள் வைத்த ஒரு ஜன்னலும் உண்டு. பகலில் காரைக்குடியில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். நிரலுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் இந்த எழுத்துக்குப் பதில் அந்த எழுத்து என்று மாற்றுகிற வேலைதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் காலத்துக் குறியாக்கங்கள் எழுத்தைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமித்தவை. 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் முதலில் க, கொம்பு பிறகு. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் கிடக்கிற துண்டுகளைப் பொறுக்கி ஒன்றாக்க வேண்டும். இன்னொரு சிக்கல், எந்தக் குறியாக்கத்தில் தட்டச்சு செய்தது என்று கோப்பில் எங்கேயும் எழுதியிருக்காது. ஒவ்வொன்றாக வைத்துப் படித்துப் பார்த்து, எதில் படித்தால் தமிழ் தமிழாக வருகிறது என்று மதிப்பெண் போட்டுத்தான் என் நிரல் கண்டுபிடிக்கிறது. இப்போதைய தலைவலி இந்த மதிப்பெண்ணில்தான் தொடங்கியது.

விண்டோஸ், மேக், 64 பிட் லினக்ஸ், 32 பிட் லினக்ஸ் என்று நான்கு பேக்கேஜ் தருகிறேன். 64 பிட் இப்போதைய சிப்புகளுக்கு, 32 பிட் பழைய சிப்புகளுக்கு. நான்காவதைச் சோதிக்க என்னிடம் இருப்பது 2009இல் வாங்கிய ஒரு நெட்புக். இன்டெல் ஆட்டம் என்270 சிப், 1 ஜிபி ராம். அந்தச் சிப்பில் 64 பிட் கிடையாது, அதனால்தான் இத்தனை வருடமும் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இப்போது அதன் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போடுகிறது.

மதிப்பெண் போடும் பகுதியைச் சமீபத்தில் மாற்றி எழுதினேன். மற்ற மூன்றிலும் எல்லாச் சோதனையும் தேறியது. நெட்புக்கில் மட்டும் ஒன்று தவறியது. அதே கோப்பு, அதே நிரல். 64 பிட்டில் அது டாப் என்று சரியாகச் சொல்கிறது, 32 பிட்டில் டிஸ்கி என்கிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. என்ன மதிப்பெண் வருகிறது என்று பார்க்க இடையில் ஒரு அச்சிடும் வரியைச் சேர்த்தால் தவறு மறைந்துவிடுகிறது. அந்த வரியை எடுத்தால் திரும்ப வந்து நிற்கிறது. அந்த நெட்புக்கில் ஒரு தடவை முழுவதும் கம்பைல் செய்து (எழுதியதை ஓடும் நிரலாக மாற்றி) சோதனை ஓட்ட நாற்பது நிமிடம் ஆகிறது. மூன்றாவது வாரம் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து யோசித்தேன், இதை யாருக்காகச் செய்கிறேன்?

உலகமே 32 பிட்டைக் கைவிட்டு வருகிறது. லினக்ஸ் வகைகளில் உபுண்டு 2017இல் 17.10 வெளிவந்தபோதே டெஸ்க்டாப்புக்கான 32 பிட் இன்ஸ்டாலரை நிறுத்தியது. ஃபெடோரா 2019இல். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட்டுக்குக் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸும் 145ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸை விட்டுவிட்டது. என் நெட்புக் டெபியன் 12இல் நிற்கிறது. அதன் காலமும் 2028 ஜூனோடு முடிந்துவிடும்.

என் பக்கத்துக் கணக்கைச் சொல்கிறேன். போன வருடம் 32 பிட் பேக்கேஜை இறக்கியது 41 தடவை. அதில் எத்தனை ரோபோ என்று யாருக்குத் தெரியும். ஐந்து வருடத்தில் 32 பிட்டில் ஓட்டுகிறேன் என்று எழுதியவர்கள் மூன்று பேர். ஒருவர் யாழ்ப்பாணப் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியர். பள்ளி ஆண்டு மலர்கள் முழுக்கப் பாமினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார்.

மூன்று பேருக்காக என்று கேட்டால் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் இந்த நிரலுக்கு ஒரு தனித்தன்மை இருக்கிறது. பழைய கோப்பு இருக்கிற இடத்தில்தான் பழைய கணினியும் இருக்கிறது. டாப் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோவில் மலரோ சங்கத்துக் கணக்கோ புது லேப்டாப்பில் இருக்காது. மூலையில் தூசி படிந்து கிடக்கிற பெட்டியில் இருக்கும். வேறு நிரலாக இருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன்.

உங்களில் யாராவது இந்த மாதிரி ஆள் குறைந்த போர்ட் (ஒரு வகைக் கணினிக்கென்று கட்டும் பதிப்பு) ஒன்றை நிறுத்தியிருந்தால், எப்படி முடிவெடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

நெசவாளி:

அக்கா, நிறுத்துவதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசலாம். முதலில் அந்தப் பிழை. அச்சிடும் வரி சேர்த்தால் மறைகிறது என்று சொன்னீர்களே, அதிலேயே தெரிந்துவிட்டது. மதிப்பெண்களை மிதவைப் புள்ளி எண்ணாக (தசம எண்ணாக) வைத்து ஒன்றோடொன்று ஒப்பிடுகிறீர்கள், சரியா?

32 பிட் இன்டெல்லுக்குக் கம்பைல் செய்யும்போது ஜிசிசி என்ற கம்பைலர் வழக்கமாக எக்ஸ்87 என்ற பழைய கணக்குப் பகுதியைத்தான் பயன்படுத்தும். 1980இல் வந்த 8087 சிப்பின் வழி வந்தது அது. அதன் உள் ரெஜிஸ்டர்கள் (சிப்புக்குள் எண்ணை வைக்கும் இடங்கள்) 80 பிட் அகலம். நீங்கள் அறிவித்த எண்ணோ நினைவகத்தில் 64 பிட். இதுவரை வந்ததில் பெரிய மதிப்பெண் நினைவகத்துக்குப் போகும்போது கடைசிச் சில பிட்டுகள் வெட்டுப்படும். அடுத்துக் கணக்கிட்டது இன்னும் ரெஜிஸ்டரிலேயே, வெட்டுப்படாமல் நிற்கும். இரண்டும் உண்மையில் ஒரே எண். ஆனால் ஒப்பிட்டால் இரண்டாவது ஒரு நூல் பெரிதாகத் தெரியும். அச்சிடும் வரி வந்தால் அதுவும் நினைவகத்துக்குப் போய்த் திரும்புகிறது, இரண்டும் சமமாகிவிடுகிறது. 64 பிட்டில் கணக்கு எஸ்எஸ்இ2 என்ற புதிய பகுதி வழியாக நடப்பதால் இந்தப் பிரச்சினையே எழாது. ஜிசிசியின் பிழைப் பட்டியலில் இதற்கு 323ஆம் எண், 2000ஆம் ஆண்டில் பதிவானது. அதில் போய் விழாதவர்கள் குறைவு.

ஆனால் இதைக் கவனியுங்கள். இரண்டு மதிப்பெண்ணும் ஒன்று என்றால் உங்கள் நிரலுக்கு அந்தக் கோப்பு டாப்பா டிஸ்கியா என்று தெரியவே இல்லை. சமமாக இருந்தால் பட்டியலில் முந்தி இருப்பது ஜெயிக்கிறது, உங்கள் பட்டியலில் டாப் முந்தி இருந்திருக்கும். அப்படியானால் 64 பிட்டில் சரியாக வந்ததும் தற்செயல்தான். நாளைக்கு அதே நிலையில் ஒரு டிஸ்கிக் கோப்பு வந்தால் விண்டோஸிலும் மேக்கிலும் எல்லாருக்கும் தப்பாக மாற்றித் தரும். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். அந்த நெட்புக் உங்களுக்குக் காட்டிக்கொடுத்தது இதைத்தான்.

மதிப்பெண்ணை முழு எண்ணாக மாற்றிவிடுங்கள். வகுத்து விகிதம் எடுப்பதற்குப் பதில் குறுக்கே பெருக்கி ஒப்பிடலாம். சமமாக வந்தால் நிரலே ஊகிக்காமல் பயனரிடம் கேட்கட்டும்.

இன்னொன்று. நாற்பது நிமிடம் காத்திருக்கத் தேவையே இல்லை. 64 பிட் கெர்னலில் 32 பிட் நிரல் அப்படியே ஓடும். உங்கள் புது கணினியிலேயே ஜிசிசிக்கு 32 பிட் நூலகங்களை (நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணைக் கோப்புகள்) நிறுவி, 32 பிட்டாகக் கம்பைல் செய்து சோதனையை ஓட்டுங்கள். அப்போதும் எக்ஸ்87 கணக்குதான் நடக்கும், அதனால் இதே பிழை அங்கேயே தெரியும். டெபியன் 13இலும் 32 பிட் நூலகங்கள் இருக்கின்றன. கெர்னலையும் இன்ஸ்டாலரையும்தான் எடுத்தார்கள்.

அதனால் என் ஓட்டு, தொடருங்கள். ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்துக்காரர்கள், ஸ்பார்க்64 சிப்புக்கானது போன்ற போர்ட்டை இன்னும் ஓட்டுவதற்கு அவர்களே சொல்கிற காரணங்களில் இதுவும் ஒன்று. அந்தச் சிப்பில் பைட் வரிசை தலைகீழ். நினைவக முகவரி கொஞ்சம் பிசகினாலும் நிரல் அங்கேயே விழுந்துவிடும். இன்டெல்லில் வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும் தவறு அங்கே முதல் நாளே பிடிபடும்.

வடகாற்று:

நெசவாளி சொன்ன தொழில்நுட்பம் முழுவதும் சரி. முடிவில்தான் எனக்கு வேறு கருத்து. சோதனைக்காக 32 பிட்டில் கம்பைல் செய்வது ஒன்று, "32 பிட்டுக்கு ஆதரவு உண்டு" என்று பக்கத்தில் எழுதி வைப்பது வேறு. முதலாவது உங்கள் வசதிக்கு. இரண்டாவது அடுத்தவருக்குக் கொடுக்கிற வாக்கு.

என் அனுபவம். 2012இல் வீட்டுச் சர்வரில் டெபியனின் கேஃப்ரீபிஎஸ்டி போர்ட்டைப் போட்டேன். லினக்ஸ் கெர்னலுக்குப் பதில் ஃப்ரீபிஎஸ்டி கெர்னல், மேலே வழக்கமான டெபியன். 2011இல் டெபியன் 6 வந்தபோது சோதனை முயற்சியாகச் சேர்த்திருந்தார்கள். எனக்கு ஃப்ரீபிஎஸ்டியின் இசட்எஃப்எஸ் கோப்பு முறை வேண்டும், டெபியனின் ஏபிடி என்ற பேக்கேஜ் நிறுவியும் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தது. அவ்வளவு சந்தோஷமாக வேறு எந்தச் சர்வரையும் நான் அமைத்ததில்லை, குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் அதில்தான் வைத்தேன்.

2014 நவம்பரில், அடுத்து வரும் டெபியன் 8இல் இந்த போர்ட் அதிகாரபூர்வமாக இருக்காது என்று தெளிவாகவே அறிவித்தார்கள். ஆள் போதவில்லை, அதுதான் காரணம். ஒளிவு மறைவு எதுவும் இல்லை. ஆனால் போர்ட்டின் பெயர் பட்டியலில் தொடர்ந்து இருந்தது. பேக்கேஜ்கள் வந்துகொண்டும் இருந்தன, பாதி கம்பைல் ஆகும், பாதி ஆகாது. கதவு திறந்திருக்கிறதே, யாராவது வருவார்கள் என்று நான் இரண்டு வருடம் காத்திருந்தேன். கடைசியில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்து, என் போர்ட்டில் மட்டும் அது கம்பைல் ஆகாமல் நின்ற ஒரு வாரத்தில் பயந்துபோய் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றினேன். அந்த போர்ட்டை முறைப்படி மூடியது 2023இல்.

தன்னார்வலர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள். பாதி உயிரோடு இருக்கிற போர்ட்டை நம்புகிறவனுக்கு என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நிறுத்துவது என்று முடிவெடுத்தால், ஜாவா மொழியின் திறந்த மூலத் திட்டமான ஓபன்ஜேடிகே செய்த மாதிரி செய்யுங்கள். சோலாரிஸ் இயங்குதளத்துக்கும் ஸ்பார்க் சிப்புக்குமான போர்ட்டுகளை ஒரே நாளில் வெட்டவில்லை. 2020 மார்ச்சில் வந்த 14ஆம் பதிப்பில், அந்த போர்ட்டுக்குக் கம்பைல் செய்யப் போனால் பிழை காட்டி நின்றுவிடும். 'கைவிடப்போகிற போர்ட் என்று தெரிந்துதான் செய்கிறேன்' என்று ஒரு விருப்பத்தைச் சேர்த்துக் கொடுத்தால்தான் மேலே போகும். உண்மையில் பயன்படுத்துகிறவர் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தடுக்கி விழுந்து குரல் கொடுத்துவிடுவார். பொறுப்பேற்க யாரும் வரவில்லை, செப்டம்பரில் 15ஆம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். 32 பிட் இன்டெல்லுக்கும் அதே வழிதான். 2025 மார்ச்சில் 24ஆம் பதிப்பில் எச்சரிக்கை, செப்டம்பரில் 25ஆம் பதிப்பில் நீக்கம்.

41 டவுன்லோட் என்ற எண்ணிலிருந்து உங்களுக்கு எதுவும் தெரியவராது. நெட்புக் செத்த மறுநாள், ஒரு 32 பிட் பயனர் "என் கணினியில் திறக்கவே மாட்டேன் என்கிறது" என்று எழுதினால் உங்களால் என்ன செய்ய முடியும்? அதற்குப் பதில் இருந்தால் தொடருங்கள்.

ஓலைப்பெட்டி:

நெசவாளி தம்பி, நீங்கள் சொன்னது அப்படியே. என் புது கணினியில் 32 பிட்டாகக் கம்பைல் செய்தேன், பத்து நிமிடத்தில் அதே பிழை கண்முன்னே வந்தது. மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். கோப்பில் மொத்தமே மூன்று வரி, பெரும்பாலும் எண்களும் ஆங்கிலமும். ஒப்பிடத் தமிழே போதவில்லை. எல்லாருக்கும் தப்பாகப் போயிருக்கும் என்று நினைக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. முழு எண்ணுக்கு மாற்றத் தொடங்கிவிட்டேன்.

வடகாற்று, உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதுதான் உண்மை. இன்னொரு பழைய நெட்புக் தேடி வாங்கலாமா என்றுகூட யோசித்தேன், ஆனால் அதுவும் எத்தனை நாளைக்கு?

யாழ்ப்பாணத்து ஐயாவுக்கு இந்த இழையின் முகவரியை மெயிலில் அனுப்பியிருக்கிறேன். அவரைப் பற்றிப் பேசிக்கொண்டு அவரையே கேட்காமல் இருப்பது சரியில்லை.

பனங்கூடல்:

வணக்கம் பிள்ளை. உங்கள் மெயில் கிடைத்தது. நீங்கள் எழுதிய அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் நான்தான். தொழில்நுட்பக் கதை எனக்கு முழுக்க விளங்கவில்லை, என்ரை நிலைமையை மட்டும் சொல்லுறன்.

என்னிடம் உள்ள கொம்பியூட்டர் பள்ளிக்கூடம் கழித்துவிட்ட பழசு. அதுக்கு இன்டர்நெட் இல்லை. பெறாமகன் தன்னுடைய லப்டொப்பில் உங்கள் நிரலை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுத் தந்தவன். அது 2023இல். அதற்குப் பிறகு நான் ஒருக்காலும் புதுப் பதிப்புப் போடவில்லை. போடத் தேவையும் வரவில்லை. ஆண்டு மலர் பதினெட்டு வருடத்தது, ஏறக்குறைய அறுநூறு கோப்பு. முக்கால்வாசி மாற்றி முடிந்துவிட்டது.

ஆனால் ஒரு சிரமம் வந்தது. வவுனியாவில் என்னுடைய சிநேகிதர் ஒருவர், அவரும் ஆசிரியர், அவரிடமும் இதே மாதிரிப் பழைய கொம்பியூட்டர், இதே மாதிரிப் பாமினிக் கோப்புகள். அவருக்குச் சொல்லி இறக்கச் சொன்னால், உங்கள் இணையப் பக்கத்தில் இருந்த புதுப் பதிப்பு அவருடைய மெஷினில் வேறு ஏதோ நூலகம் வேண்டும் என்று கேட்டு நின்றுவிட்டது. என்னுடைய பழைய பதிப்பைத் தேடினால் பக்கத்தில் காணவில்லை. கடைசியில் என்னுடைய பென் டிரைவைப் பஸ்ஸில் போன ஒருவரிடம் கொடுத்து அனுப்பினேன்.

எங்களைப் போன்ற ஆட்களுக்குப் புதுசு வேண்டாம் பிள்ளை. ஓடுகிற ஒன்றை எடுத்துவிடாதீர்கள். அது போதும்.

ஒன்று கேட்கலாமா? 'ஸ்ரீ' வருகிற இடங்களில் மூன்று கோப்பில் எழுத்து குழம்புகிறது. அந்த மலரில் அதிபரின் பெயரிலேயே ஸ்ரீ இருக்கிறது, அதனால்தான் கவலை.

நெசவாளி:

ஐயா எழுதியதைப் படித்த பிறகு என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன். நான் அடுத்தடுத்த பதிப்பைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா, வவுனியாவில் நூலகம் கேட்டு நின்றதே, அதற்கு ஒரு வழி. கடைசி 32 பிட் பதிப்பை மசில் என்ற சின்ன சி நூலகத்தோடு ஸ்டாட்டிக்காகக் கட்டிவிடுங்கள். எல்லாம் ஒரே கோப்புக்குள் வந்துவிடும், நிறுவவே தேவையில்லை, பென் டிரைவிலிருந்தே ஓடும். இன்னொரு லாபமும் உண்டு. 32 பிட் டெபியனில் நேரத்தை 32 பிட் எண்ணாகவே விட்டுவிட்டார்கள், 2038 ஜனவரி 19இல் அது நிரம்பி வழியும். மசிலில் 1.2 பதிப்பிலிருந்து 32 பிட் சிப்பிலும் நேரம் 64 பிட்தான்.

ஒரே குறை, ஜன்னலை இப்படிக் கட்டுவது பெரும்பாடு. டெர்மினல் மட்டும்தான்.

ஓலைப்பெட்டி:

ஐயா, பழைய பதிப்பை எடுத்தது நான்தான். பக்கம் நெரிசலாக இருக்கிறது, யாருக்கு இது வேண்டும் என்று போன வருடம் ஒரு மாலையில் அழித்தேன். உங்கள் சிநேகிதருக்கு அவ்வளவு அலைச்சல் கொடுத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நேற்று இரவே பழைய வட்டுகளைத் தேடி, 2023 பதிப்பைத் திரும்ப ஏற்றிவிட்டேன். ஜன்னல் உள்ள பதிப்பு அதுதான், அது அங்கேயே இருக்கும்.

வடகாற்றுக்கும் இப்போது பதில் சொல்ல முடிகிறது. அடுத்த பதிப்பு 32 பிட் லினக்ஸுக்குக் கடைசி. முழு எண் மதிப்பெண்ணோடு, ஒரே கோப்பாக, டெர்மினலுக்கு மட்டும். அதற்குப் பிறகு புதிது வராது என்று பக்கத்தின் மேலேயே தேதி போட்டு எழுதுகிறேன். உங்கள் சர்வருக்கு நடந்த மாதிரி யாரும் காத்திருக்க வேண்டாம். இணையம் இல்லாத கணினியில் பென் டிரைவிலிருந்து எப்படி ஓட்டுவது என்று தமிழில் ஒரு பக்கக் குறிப்பும் வைக்கிறேன். 32 பிட் சோதனையை மட்டும் என் கணினியில் தொடர்ந்து ஓட்டுவேன், அது எனக்காக.

டெர்மினல் ஐயாவுக்கு ஒத்துவருமா என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. கோப்புறையை அப்படியே கொடுத்தால் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் மாற்றுகிற மாதிரி செய்தால், ஒரே ஒரு வரி தட்டினால் போதும். பெறாமகன் அருகில் இருக்கும்போது ஒரு தடவை முயன்று பார்த்துச் சொல்கிறீர்களா?

'ஸ்ரீ' குழம்புகிற மூன்று கோப்பையும் அனுப்புங்கள் ஐயா. மலரில் எந்த வருடத்தது என்றும் எழுதுங்கள். அந்த எழுத்துருவில் ஸ்ரீக்கு வேறு இடம் கொடுத்த இன்னொரு பதிப்பு புழங்கியிருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். அதைச் சரிசெய்யாமல் கடைசிப் பதிப்பை வெளியிட மாட்டேன்.

பனங்கூடல்:

அனுப்பிவிட்டேன் பிள்ளை. 1998, 1999, 2001ஆம் ஆண்டு மலர்கள். பெறாமகன் சனிக்கிழமை வருவான்.